மூன்று புள்ளி பத்து

வசந்தா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு விசைத்தறி நின்றுவிட்டது.

மிகைப்படுத்தவில்லை. எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் மூச்சு மாதிரி. ஓடும்போது யார் காதிலும் விழாது. நின்றால்தான் ஆளாளுக்குத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலம் அது நின்றது. நான் முன்கட்டில் இருக்கும் என் நூல் கடையில் ஒருவருக்குப் பட்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல். "ஐயோ" என்று ஒரே சொல். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னை எழுப்பி ஓட வைத்தது.

சமையலறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நீங்களே படிங்க" என்று கைப்பேசியை நீட்டினாள்.

அமெரிக்காவிலிருந்து எங்கள் மாப்பிள்ளை அனுப்பிய செய்தி. குழந்தையின் அன்றைய எடை. 3.10.

முந்தின நாள் வந்த எடை 3.9.

மூன்று கிலோ தொள்ளாயிரம் இருந்த குழந்தை, விடிந்தால் மூன்று கிலோ நூறு. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத என் பேத்தி, ஒரே நாளில் எண்ணூறு கிராம் கரைந்துவிட்டாள். நாங்கள் இருவரும் அப்படித்தான் படித்தோம். நானும் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்வாசல் வழியாக, பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு பக்கத்து வீட்டு சொர்ணம் ஓடிவந்தாள். தறிக்கு நீளவாட்டு நூலான பாவு ஓட்டுகிற குடும்பம். வசந்தா அக்கா முறை வைத்துக் கூப்பிடும் சிநேகிதி.

"இன்னாடி ஆச்சி?"

"கொழந்த நம்மள விட்டுப் போயிடும்போல இருக்குதுக்கா."

சொர்ணம் கைப்பேசியை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். "நேத்து தொள்ளாயிரம், இன்னிக்கி நூறா? மெய்யாலுமா? யண்ணா, அந்த ஊரு தராசு கெட்டுப்போச்சான்னு கேளு மொதல்ல!"

தராசைச் சந்தேகப்படுவதுதான் எங்கள் தெருவில் யாருக்கும் முதல் வேலை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் குழந்தை வந்த கதையைச் சொல்லியாகவேண்டும்.

மைசூர்பாக்கு

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கடை தெரியும். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: ஆரணியில் பட்டு நூலும் கொஞ்சம் பருத்தி நூலும் விற்கிறவன் நான். படிப்பு எட்டாவது. மற்றதெல்லாம் மனுஷர்கள் பேசக் கேட்டுக் கற்றது. ஒரே மகள் சுகந்தி. கல்யாணமாகி, புருஷன் முரளியோடு அமெரிக்காவில் இருக்கிறாள்.

பிரசவத்துக்கு வசந்தா போவதாக ஏற்பாடு. விமான டிக்கெட் அடுத்த மாதத்துக்கு. ஆனால் குழந்தைக்குப் பொறுமையில்லை. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே, ஒரு விடியற்காலை, மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு.

"அத்தை, பொண்ணு. சுகந்தி நல்லா இருக்கா."

"இப்பவேவா? இன்னும் நாள் இருக்குதே மாப்ள! கொழந்த எம்மாம் எடை?"

"மூணு... பதினாலு அத்தை" என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம். வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் செய்தியாகவும் வந்தது: 3.14.

வசந்தா அந்த எண்ணைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "மூணு கிலோ நூத்திநாப்பது! இதுவா கொற மாசக் கொழந்த? அந்த டாக்டரம்மா நாள் கணக்கத் தப்பாப் போட்டுக்கினு நம்மள பயமுறுத்தியிருக்குது."

நானும் தலையாட்டினேன். டாக்டர் சொன்ன மாதம், மகள் சொன்ன தேதி, எங்கள் விரல் எண்ணின கணக்கு மூன்றும் ஒரு பக்கம். எடை ஒரு பக்கம். நாங்கள் எடையைத்தான் நம்பினோம். எடையை நம்பியே சோறு தின்ற குடும்பம்.

ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்த படமும் வந்தது. கைப்பேசித் திரை முழுக்க முகம். தலையில் பூப்போட்ட குல்லா. "பாரு, கன்னத்த பாரு!" என்று வசந்தா தெருவில் காட்டாத வீடு இல்லை. கடைத்தெருவிலிருந்து மைசூர்பாக்கு வாங்கிவரச் சொல்லி, காகிதத் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். சிரித்துச் சிரித்து ஒரு குரல் செய்தி பேசி மகளுக்கு அனுப்பினாள்: "சுகு, தெருவெல்லாம் மைசூர்பாக்கு குடுத்துட்டன்டி. மூணு கிலோ பொண்ணு பெத்த மகராசி நீ!"

குழந்தையைக் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் அனுப்புவார்களாம். அந்த ஊர் வழக்கம் என்றாள் சுகந்தி. நாங்களும் ஏதோ வழக்கம் என்று விட்டுவிட்டோம். டிக்கெட்டை முன்னால் மாற்றலாமா என்று கேட்டதற்கு, "அவசரமில்லம்மா, மெதுவா வா" என்றாள்.

அடுத்து வந்த எண் 3.12. லேசாக இறங்கியிருக்கிறது. வசந்தா முகம் சுருங்க, நான்தான் சமாதானம் சொன்னேன். "பச்சைப் பட்டு சோப்புத் தண்ணியில கொதிச்சா கால்வாசி இறங்கிடுது. அந்தக் கோந்து போனாத்தானே மினுமினுப்பு வருது? பொறந்த கொழந்தயும் அப்படித்தான், மொதல்ல இறங்கும்."

"எம் பேத்திய சாயப்பட்டறையில போட்டுக் கொதிக்க வெக்காதீங்க" என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்த 3.9.

எடை ஏறினால் எனக்குப் பயம்

வீட்டில் அன்று திருவிழா. "எழுநூறு கிராமுக்கு மேல ஏறிட்டா!" என்று வசந்தா குதித்தாள். சொர்ணம் வந்து, "இன்னாடி, பால் குடிக்கிறாளா, பசுவையே முழுங்கறாளா?" என்றாள். மறுபடி ஒரு சிரிப்புக் குரல் செய்தி அமெரிக்கா போயிற்று.

எனக்கு மட்டும் அந்த ஏற்றம் பிடிக்கவில்லை.

பட்டைப்பற்றி ஒன்று சொல்கிறேன். பட்டு ஈரத்தைக் குடிக்கும்; ஆனால் தொட்டுப் பார்த்தால் கைக்கு ஈரம் தெரியாது. நன்றாக உலர்ந்தது போலவே இருக்கும். தராசு மட்டும் கண்டுபிடிக்கும். எங்கள் ஊரில் நெசவாளி வீட்டுக்குப் பாவும் குறுக்கு நூலான ஊடையும் ஜரிகையும் நிறுத்துத்தான் போகும். நெய்த சேலையும் நிறுத்துத்தான் திரும்பி வரும். எடை குறைந்தால் ஒரு கேள்வி. ஏறினால் இரண்டு கேள்வி.

ஒரு மழைக்காலத்தில் சேவூரிலிருந்து வந்த சேலை, போன நூலைவிடக் கனமாக நின்றது. நெய்தவர் முகம் செத்துப்போயிற்று. ஏதோ தில்லுமுல்லு செய்ததாகப் பேர் வந்துவிடுமே என்று. என் அப்பா எழுந்தார். சேலையைக் காற்றாடிக்குக் கீழே கொடியில் போட்டார். "உக்காருப்பா, டீ குடி. சேலையே வாயத் தொறந்து சொல்லும்" என்றார். டீ வந்து, கதை பேசி, வெற்றிலை போட்டு, மறுபடி நிறுத்தபோது சேலை பழைய எடைக்கு வந்திருந்தது. வீட்டுக் கூரை ஒழுகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால், எடை திடுதிப்பென்று ஏறினால் என் புத்தி ஈரத்தைத்தான் தேடும். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, கொழந்தைக்கு ஒடம்பு வீங்கியிருக்குதா? நீர் கீர் கோத்துக்கினு இருக்குதா?"

"வீக்கமா? இல்ல மாமா. வத்திப்போய்த்தான்..." என்று ஆரம்பித்தவர் குரல் உடைந்து அழுதுவிட்டார். தொடர்பும் அறுந்தது.

வசந்தா என்னைத்தான் திட்டினாள். "அது ஆனந்தக் கண்ணீருங்க. கொழந்த ஏறிக்கினு வருது, நீங்க வீக்கம் கீக்கம்னு வாய வெக்கிறீங்க. ஒங்க தராசுக் கண்ண எடுத்து அந்தாண்ட வைங்க."

வைத்துவிட்டேன். மறுநாள்தான் அந்தக் கூச்சல்.

ராத்தலும் அந்தரும்

என் கடை வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புக் கல் முட்டுக் கொடுத்திருக்கும். தலையில் வளையம் வைத்த பெரிய எடைக்கல். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. வேலூரில் எங்கோ ஏலத்தில் என் தாத்தா எடுத்தது. அதோடு சேர்ந்த சின்னக் கற்களும் ஒரு தகர டப்பாவில் உண்டு. கடைசிக் கல் புளியங்கொட்டை அளவுதான்.

கிலோ வந்து எத்தனையோ காலம் கழித்தும் அப்பா அவற்றைத் தூக்கிப் போடவில்லை. சாயப்பட்டறை வைத்திருந்த அவருடைய கூட்டாளி ஒருவர் வரும்போதெல்லாம் அந்தக் கல்லைக் காலால் தட்டிக் கிண்டல் செய்வார்.

"இன்னாத்துக்குப்பா இந்த இரும்புக் குப்பை?"

"குப்பையா? அரை அந்தர் கல்லுடா அது. அம்பத்தாறு ராத்தல்."

"ஒரு அந்தர்னா நூறு எடைன்னுதானே வெள்ளைக்காரன் பாசையில பேரு? பாதி அம்பதுதானே வரணும்?"

"பேருதான் நூறு. உள்ள நூத்திப் பன்னெண்டு. இருபத்தெட்டு ராத்தல் ஒரு கால், நாலு கால் ஒரு அந்தர், இருபது அந்தர் ஒரு டன்னு."

"மேல இருக்கிற அந்தப் பன்னெண்டு இன்னாத்துக்கு? கப்பல்ல எலி தின்றதுக்கா?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ராத்தல் என்று அப்பா சொன்னது இன்றைக்கு நாம் பவுண்டு என்பதைத்தான். ஒரு ராத்தலுக்குள் பதினாறு அவுன்ஸ். "அதாச்சும் ஒழுங்கா பத்துன்னு வெச்சானா?" என்று கூட்டாளி விடமாட்டார்.

"தராசுக்கு எண்ணத் தெரியாதுடா" என்பார் அப்பா. "இந்தத் தட்டும் அந்தத் தட்டும் சமமான்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். ஒரு ராத்தல் நூல ரெண்டு தட்டுலயும் பிரிச்சி சமம் பண்ணு, அரை. அரையப் பிரி, கால். காலப் பிரி, அரைக்கால். இன்னொரு வாட்டி பிரி, பதினாறுல ஒண்ணு. கல்லே இல்லாத அவுன்ஸ் வந்திடுச்சி பாரு. இப்டிப் பிரிச்சிக்கினே போனா ஒனக்குப் பத்து எந்த ஜென்மத்துல வரும்?"

கடைக்கு வருகிறவர்கள் பேசுகிற பேச்சையெல்லாம் காதில் போட்டுச் சேர்த்து வைப்பது என் பழக்கம். இதையும் அப்படித்தான் சேர்த்து வைத்தேன், சிரிப்புக்காக. என்றைக்காவது உயிர்ப் பிரச்சினைக்கு உதவும் என்று யார் கண்டது?

சிரிக்கிற பொம்மை

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சுகந்திக்கு அடித்தேன். எடுக்கவில்லை. குழந்தை இருக்கும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே பெட்டியில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வசந்தா அதற்குள் செய்தியை இன்னொரு தடவை பார்த்தாள். 3.10 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், பல்லைக் காட்டிச் சிரிக்கிற மஞ்சள் முகப் பொம்மை ஒன்று. கூப்பின கை ஒன்று.

அவள் அழுகை அப்படியே கோபமாகத் திரும்பியது. "பாத்தீங்களா? கொழந்த எண்ணூறு கிராம் இறங்கியிருக்குது, இந்தாளு பல்ல காட்டுறாரு! நேத்து ஏறினதுக்கு அழுதாரு, இன்னிக்கி இறங்கினதுக்குச் சிரிக்கிறாரு. இவருக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"ராத்தூக்கம் இல்லாத மனுசன், கை தவறி அந்தப் பொம்மைய அமுக்கியிருப்பாரு" என்றாள் சொர்ணம்.

எனக்கு வசந்தா சொன்ன வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. நேற்று அழுதார், இன்று சிரிக்கிறார்.

எழுந்து கடைக்கு வந்தேன். பட்டு வாங்க வந்தவர் விஷயம் கேள்விப்பட்டு, சொல்லாமல் போயிருந்தார். தராசுத் தட்டில் அவருக்கு நிறுத்த பட்டு அப்படியே கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பைத்தியமில்லை. அவர் சரி, அவருடைய அழுகையும் சிரிப்பும் சரி என்று வைத்துக்கொண்டால், தப்பு எங்கே? நேற்று இறங்கியிருக்கவேண்டும். இன்று ஏறியிருக்கவேண்டும். ஒன்பது. பத்து.

ஒன்பதுக்கு அடுத்தது பத்து.

அப்படியானால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது கிராமே இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற ஏதோ சின்ன எடை. பதினாலு வரைக்கும் போய், இன்னும் ஒரு பெரிய எடையாக ஆகாத சின்ன எடை. எதிரே அலமாரியில் பருத்தி நூல் கட்டு. கண்ணமங்கலம் பக்கம் துண்டு நெய்கிறவர்கள் வாங்குவது. ஒவ்வொரு கட்டும் நாலு கிலோ ஐநூற்று நாற்பது. ஏன் நாலரை இல்லை, ஏன் ஐந்து இல்லை என்று இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் கேட்டதே கிடையாது. அப்பா அதை 'பத்து ராத்தல் கட்டு' என்றுதான் கடைசி வரை சொன்னார். கிலோ வந்தபோது கட்டு மாறவில்லை. மேலே எழுதுகிற எண் மட்டும் மாறியது.

என் வாய் தானாகவே முணுமுணுத்தது. பதினாறு அவுன்ஸ் ஒரு ராத்தல்.

கால்குலேட்டரை இழுத்தேன்.  பத்து ராத்தல் 4.54 என்றால் ஒன்று நானூற்றைம்பத்து நாலு கிராம். மூன்று ராத்தல். ஓர் அவுன்ஸ் இருபத்தெட்டு கிராமும் கொஞ்சமும். பத்து அவுன்ஸ். கூட்டினேன்.

1.646.

தப்பாகத் தட்டிவிட்டேன் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே எண். மூன்று கிலோ குழந்தை என்று எங்களுக்கு ஒருத்தி இருக்கவேயில்லை. ஒருநாள்கூட இருக்கவில்லை.

கையில் வந்த கனம்

எனக்கு ஒரு எண்ணைப் பார்த்தால் புரியாது; கையில் வாங்கினால்தான் புரியும். தட்டில் இருந்த பட்டை எடுத்துவிட்டு, சாயம் ஏறாத வெள்ளைப் பட்டில் சிட்டம் சிட்டமாக வைத்தேன். சிட்டம் என்றால் சுற்றி முடிச்சுப் போட்ட நூல். ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து, தராசின் சிவப்பு எழுத்து 1.646இல் நிற்கும் வரை.

பிறகு அதை ஒரு துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கினேன்.

கை விருட்டென்று மேலே போய்விட்டது. எதிர்பார்த்த கனம் அங்கே இல்லை. பிறந்தது முதல் நூல் தூக்கின கை இது. 

"இன்னாங்க பண்றீங்க?" வசந்தா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "அங்க கொழந்த உயிருக்குப் போராடுது, ஒங்களுக்கு யாவாரம் கேக்குதா?"

"யாவாரம் இல்ல வசந்தா. கைய நீட்டு."

வாங்கிக்கொண்டாள். "இன்னாது இது?"

"நம்ம பேத்தி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். நான் பவுண்டையும் அவுன்ஸையும் சொல்லிக்கொண்டே போனேன். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. திட்டுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் முழங்கையை மெதுவாக மடக்கி, துண்டின் ஒரு முனையைத் தலை மாதிரி தோளுக்கு ஏற்றிக்கொண்டாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதான்."

"அப்போ நேத்து?"

ஒரு சின்னச் சிட்டத்தைத் துண்டிலிருந்து உருவினேன். "நேத்து இதுகூட இல்ல."

"நான் நேத்து சிரிச்சனே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.  எதிர்வீட்டுத் தறி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. பிறகு கேட்டாள்: "அப்போ... இன்னிக்கி ஏறியிருக்குது?"

"ஏறியிருக்குது."

"எவ்ளோ?"

அந்தச் சின்னச் சிட்டத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன். மூச்சு விட்டால் நகரும் அளவு நூல்.

"ஒரு அவுன்ஸ்."

விரலை மூடிக்கொண்டாள். கைப்பேசியை எடுத்து, தெருவெல்லாம் காட்டின அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கன்னத்தைப் பார்த்த கண்ணுக்கு ஓரத்தில் இருந்தது தெரியாமல் போயிருக்கிறது. குழந்தையின் முஷ்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விரல். மாப்பிள்ளையின் விரல்தான். அந்த முஷ்டி மொத்தமும் அந்த விரலின் முதல் கணுவைத் தாண்டவில்லை.

சுகந்தி சொன்னது

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகள் கூப்பிட்டாள். வசந்தா பட்டை மடியிலிருந்து இறக்காமலே எடுத்தாள்.

"சுகு, எங்களுக்குத் தெரிஞ்சிபோச்சிடி."

துண்டின் முனையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"ஏண்டி மறைச்சீங்க? பெத்தவங்கதானே நாங்க?"

"மறைக்கலம்மா" என்றாள் சுகந்தி. "இங்க எல்லாம் பவுண்டுலதான் சொல்றாங்க. இவர் அதையே அப்படியே அனுப்பிட்டாரு. நீங்களும் அப்படித்தான் எடுத்துக்குவீங்கன்னு நெனச்சாரு. நீ தெருவெல்லாம் மைசூர்பாக்கு குடுத்தேன்னு பேசி அனுப்பினே பாரு, அப்பதான் எனக்குப் புரிஞ்சிது. இவர் ஒடனே திருத்தப் போனாரு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"இங்க அவளப் பாக்கற ஒவ்வொருத்தரும் ஐயோ பாவம்னு பாக்கறாங்கம்மா. ஒடம்பெல்லாம் ஒயரு. நானே அப்படித்தான் பாக்கறேன். ஒலகத்துல எங்கயாச்சும் ஒரு எடத்துல, நம்ம ஆரணித் தெருவுலயாச்சும், அவ மூணு கிலோ கொழந்தயா இருந்துட்டுப் போவட்டுமேன்னு..."

வசந்தா மடியிலிருந்த பட்டை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அவ இறங்கிக்கினே போன அன்னிக்கு இவரு அழுதுக்கினே இருந்தாரு. எனக்குப் பால் வரல. நீ சிரிச்சி அனுப்பினதத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்மா. அதக் கேட்டுக்கினேதான் பால் எடுத்தேன்."

எடையில் பாதி போனதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்கமுடியவில்லை. நாங்கள் இங்கே கும்மாளம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் மகள் அந்தக் கும்மாளத்தைக் கைவிளக்காகப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்திருக்கிறாள். எழுந்து போய் வாசல் இரும்புக் கல்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே வசந்தா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவள் குரல், கறாராக: "சரி. இனிமே பவுண்டு, அவுன்ஸ்னே அனுப்பச் சொல்லு மாப்ளைய. எவ்ளோ சின்னதா இருந்தாலும் அப்படியே அனுப்பச் சொல்லு. நாங்க இங்க நிறுத்துக்கறோம். டிக்கெட்ட முன்னாடி மாத்தறோம், வந்துகினே இருக்கேன்."

நாலு

அந்தப் பட்டை நான் விற்கவில்லை. கடை அலமாரியில் ஒரு தட்டில் துண்டோடு இருந்தது. தினமும் சாயங்காலம் செய்தி வரும். ஓர் அவுன்ஸ் ஏறினால் வசந்தா ஒரு சின்னச் சிட்டம் சேர்ப்பாள். ஏறாத நாளில் சும்மா தொட்டுவிட்டுப் போவாள். அமெரிக்காவுக்கான பெட்டியை என் தராசில் வைத்துவிட்டு, "இருபத்துமூணு கிலோ" என்று நான் சொன்னால், "அம்பது பவுண்டு" என்று திருத்துவாள். பெட்டிக்குள் பாதி இடம் கைக்குழந்தைத் துணி. அவள் முதலில் தைத்து வைத்திருந்ததையெல்லாம் பிரித்து, பாதி அளவாகத் தைத்திருந்தாள்.

3.13. 3.14 வந்த அன்று பிறந்த எடைக்குத் திரும்பினாள். 3.15. அங்கேயே நின்றுவிட்டாள். மறுநாளும் அதே 3.15. வசந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். மறுபடியும் உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.  ஓடினேன். பின்வாசல் வழியாக சொர்ணமும் ஓடிவந்தாள்.

வசந்தா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். அதில் புள்ளிகூட இல்லை. வெறும் 4.

"இன்னாடி, நாலு கிலோவா?" என்றாள் சொர்ணம்.

"நாலு பவுண்டுக்கா."

"நேத்து?"

"மூணு பவுண்டு பதினஞ்சு அவுன்ஸ்."

சொர்ணம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். "எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பேஜாருடி. எவ்ளோ ஏறிச்சின்னு சொல்லு."

வசந்தா அலமாரித் தட்டுக்குப் போவதற்காகக் கையில் தயாராக வைத்திருந்த சிட்டத்தை விரித்துக் காட்டினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"ஒரு அவுன்ஸ்க்கா."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நின்னுக்கினு இருக்கீங்களே! ஜல்தியா போயி மைசூர்பாக்கு வாங்கினு வாங்க. தெரு மொத்தத்துக்கும் வேணும். கிலோக் கணக்குல வாங்குங்க."